குதிரைக்குச் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா?

குதிரை சிறுநீர் கழிப்பதை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் பதறிப்போவது உண்டு. கொழகொழவென்று, அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கலாக இருக்கும். மனிதருக்கு அப்படிப் போனால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். குதிரைக்கோ அதுதான் இயல்பு. கலங்கலுக்குக் காரணம் கால்சியம் கார்பனேட் துகள்கள்; கொழகொழப்புக்குக் காரணம் சிறுநீரகத்தின் உள்ளறையில் சுரக்கும் சளி. தரையில் கிடந்து காற்றுப் பட்டால் செம்பழுப்பாக மாறி, இரத்தம் போகிறதோ என்று இன்னொரு முறை பயமுறுத்தும்.

இந்தச் சுண்ணாம்புக்குப் பின்னால் ஒரு விசித்திரம் இருக்கிறது. தீவனத்தில் வரும் கால்சியத்தைக் குதிரையின் குடல் பெரிய தணிக்கை எதுவுமின்றி உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சியதை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. குதிரைமசால் தின்னும் குதிரைக்கு இந்த வேலை இன்னும் அதிகம். அதனால்தான் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு வந்த குதிரைக்கு இரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் ஏறுகிறது. அதே நோயில் மனிதருக்குப் பொதுவாக இறங்கும். மனிதருக்கு எழுதிய பாடத்தைக் குதிரைக்கு அப்படியே ஒப்பிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் அளக்கும் முறைகள் பலவும் மனித மருத்துவத்திலிருந்து வந்தவைதான். முதலில் பார்ப்பது கிரியேட்டினின். தசைகளில் உருவாகி, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு வெளியேறும் கழிவு அது. குதிரையின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 0.9 முதல் 1.9 மில்லிகிராம் வரை இருந்தால் இயல்பு என்பார்கள். இந்த வீச்சுதான் சிக்கல். வழக்கமாக 1.0 இருக்கும் குதிரைக்கு 1.8 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத் தாளில் அது இன்னமும் 'நார்மல்'தான். ஆனால் வடிகட்டும் வேகம் பாதியானால் கிரியேட்டினின் இரட்டிப்பாகும் என்பது கணக்கு. அதன்படி அந்தக் குதிரையின் வடிகட்டும் திறனில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவாகப் போயிருக்கும். இன்னொரு பக்கம், தசை திரண்ட குவார்ட்டர் இனக் குதிரைக்கு 2.0 என்று வந்தாலும் சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம்.

நெஃப்ரான்கள் எனப்படும் நுண்வடிகட்டிகளில் கொஞ்சம் பழுதானால் மிச்சமுள்ளவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் கிரியேட்டினின் எல்லை தாண்டும். குதிரை நன்றாக இருக்கும்போதே ஒரு முறை பரிசோதித்து அதன் சொந்த எண்ணைக் குறித்து வைத்திருப்பவர், எந்தப் பாடநூல் அட்டவணையையும்விட நல்ல அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார் என்பேன். அன்று பிறந்த குட்டிகளுக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாதிருந்தால் முதல் நாளில் கிரியேட்டினின் எக்கச்சக்கமாக இருக்கும். குட்டியின் சிறுநீரகம் நன்றாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் தானே இறங்கிவிடும்.

இரத்தத்தில் அளக்கும் இன்னொரு கழிவான யூரியாவை அதிகம் நம்ப வேண்டாம். கொள்ளு போன்ற புரதத் தீவனம் கூடினாலே அது ஏறும்.

கிரியேட்டினின் ஏறியிருந்தாலும் கோளாறு சிறுநீரகத்தில்தான் என்று சொல்லிவிட முடியாது. வயிற்றுவலியிலோ கடும் ஓட்டத்திலோ உடலின் நீர் வற்றியிருக்கலாம். இதைப் பிரித்துக்காட்டுவது சிறுநீரின் ஒப்படர்த்தி. நீர் வற்றிய நிலையில் நல்ல சிறுநீரகம் தண்ணீரை இறுக்கிப் பிடித்து 1.035க்கு மேல் அடர்த்தியான சிறுநீரைத் தரும். பழுதான சிறுநீரகத்துக்கு அந்தப் பிடிப்பு இருக்காது, 1.008க்கும் 1.014க்கும் இடையில் நின்றுவிடும். மாதிரியை எடுக்கும் நேரம் இங்கே முக்கியம். டிரிப் ஏற்றிய பிறகு எடுத்தால் சிறுநீர் நீர்த்துப்போயிருக்கும். முரட்டுக் குதிரையை அடக்க சைலசீன் ஊசி போட்ட பிறகு எடுத்தாலும் அதே கதை. போதாததற்கு அந்த ஊசி இரத்தச் சர்க்கரையை ஏற்றி, சிறுநீரிலும் சர்க்கரை காட்ட வைக்கும்.

நீர் வற்றிய குதிரைக்கு ஜென்டமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசியும் பீனைல்பியூட்டசோன் வலிமருந்தும் சேர்வதுதான் மருத்துவர்கள் அதிகம் அஞ்சும் கூட்டணி. முன்னது சிறுநீரக நுண்குழாய்களைத் தாக்கும். பின்னது சிறுநீரகத்தின் உள்பகுதிக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நுண்குழாய்ச் சுவர் சிதையத் தொடங்கியதும் அதிலுள்ள ஜிஜிடி என்ற நொதி சிறுநீரில் கசியும். கிரியேட்டினின் அசைவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். ஒரே குறை, இது சற்று அவசரக்காரச் சோதனை: கடைசிவரை எந்தத் தீங்கும் வராத குதிரையிலும் ஏறிக்காட்டும்.

வடிகட்டும் வேகத்தையே நேரடியாக அளக்க வேண்டுமானால், எக்ஸ்ரே படங்களுக்குப் பயன்படும் ஐயோஹெக்சால் போன்ற மருந்தைச் சிரையில் செலுத்தி, பல மணி நேரத்துக்கு விட்டுவிட்டு இரத்தம் எடுத்து, அது எவ்வளவு விரைவில் வடிகிறது என்று பார்க்க வேண்டும். 500 கிலோ குதிரைக்கு விடை நிமிடத்துக்கு ஒரு லிட்டரை நெருங்கும். நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் வடிகட்டி, அதில் 5 முதல் 15 லிட்டரைத்தான் சிறுநீராக வெளியே விடுகிறது. மிச்சம் முழுவதும் திரும்ப இரத்தத்துக்கே போகிறது. மனிதருக்கு இந்த வடிகட்டல் நாளுக்கு 180 லிட்டர் அளவு.

சிறுநீரகத்தை அளக்கும் வரலாற்றில் குதிரைக்கும் ஒரு பங்கு உண்டு. 1829இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், குதிரைச் சிறுநீரிலிருந்து ஹிப்பூரிக் அமிலத்தைப் பிரித்தார். அதன் நெருங்கிய உறவான பாரா-அமினோஹிப்பூரிக் அமிலத்தைக் கொண்டுதான் 20ஆம் நூற்றாண்டில் மனிதச் சிறுநீரகத்துக்குள் பாயும் இரத்தத்தை அளந்தார்கள்.

ஐயோஹெக்சால் சோதனைக்கு நேரமும் ஆய்வகமும் வேண்டும். லாயத்துக்கு வரும் மருத்துவரால் அன்றாடம் செய்யக்கூடியதல்ல. அவர் கேட்பது பெரும்பாலும் ஒரு வாளி: தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாத சிறுநீரகம் உள்ள குதிரை அதிகம் குடிக்கும். 500 கிலோ குதிரை நாளுக்கு 25 முதல் 30 லிட்டர் குடிக்கும். வெயிலும் உழைப்பும் கூடினால் இன்னும் குடிக்கும். காரணமில்லாமல் 50 லிட்டரைத் தாண்டினால் விசாரிக்க வேண்டும். தானியங்கித் தண்ணீர்த்தொட்டி உள்ள லாயங்களில் இது தெரியவே தெரியாது; ஒரு நாள் குழாயை அடைத்துவிட்டு வாளியில் அளந்து ஊற்ற வேண்டும். லாயத்திலேயே அடைந்துகிடக்கும் குதிரை வெறும் சலிப்பில் மொடாமொடாவென்று குடிப்பதும் சகஜம். அதைக் கண்டுபிடிக்கச் சில மணி நேரம் தண்ணீரை நிறுத்தி, சிறுநீர் அடர்த்தியாகிறதா என்று பார்ப்பார்கள். கிரியேட்டினின் ஏற்கெனவே ஏறியிருக்கும் குதிரைக்கு மட்டும் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அது கெடுத்துவிடும்.