காபித்தூள் வேண்டாம், விரல் போதும்

முதலில் அந்தக் காபித்தூள் டப்பாவை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். கால்நடை மருத்துவரான என்னிடம் ரத்தக் காயத்தோடு வரும் முயல், பூனை, லவ் பேர்ட்ஸ் மீது காபித்தூளோ மஞ்சளோ அப்பியிருப்பது சர்வ சாதாரணம். அதைக் கழுவி எடுப்பதற்குள் உறைந்த ரத்தம் மறுபடி கசியத் தொடங்கிவிடும். போதாததற்குப் பூனையும் முயலும் காயத்தை நக்கும். காபியில் உள்ள காஃபின் அவற்றுக்கு ஆகாது.

“கொஞ்சம்தானே டாக்டர் ரத்தம் வந்துச்சு” என்ற பேச்சும் இங்கே செல்லாது. லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜியின் எடை 30, 40 கிராம். உடம்பில் உள்ள மொத்த ரத்தமே ஒரு டீஸ்பூன் தேறாது. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறேழு சொட்டு போனால் தாங்கும். அதற்கு மேல் போனால் ஆபத்துதான். இரண்டு கிலோ முயலுக்கும் அரை டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ரத்தம் இருக்கும்.

ரத்தத்தை நிறுத்துவது உங்கள் விரல்தான். சுத்தமான பழைய வேட்டித் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் அமுக்குங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். நடுவில் தூக்கிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். ப்ளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன், நாய் கடித்த முயலின் காதைக் கைக்குட்டையால் அமுக்கிப் பிடித்தபடியே ஆட்டோவில் வந்து இறங்கினான். “அம்மா எடுத்துப் பாருடான்னாங்க, நான் எடுக்கவே இல்ல டாக்டர்” என்றான். காதில் ரத்தக்குழாய்கள் அதிகம். ஆனாலும் எனக்கு மிச்சமிருந்தது இரண்டு தையலும் ஊசியும்தான்.

பிடிக்கும் விதமும் முக்கியம். பறவைக்கு நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சை இறுக்கினால் காயத்தால் சாகாதது நம் கையால் செத்துப்போகும். சிறு துண்டில் தளர்வாகச் சுற்றித் தலையை வெளியே விடுங்கள். முயலுக்குக் கண்ணை மூடி, பின்னங்கால்களைத் தாங்கிப் பிடியுங்கள். மிரண்டு உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும்.

நகம் வெட்டும்போது ரத்தம் வந்தால் மட்டும் சமையலறைப் பொடிக்கு நான் சம்மதம்: சோளமாவில் நகத்தை அழுத்துங்கள், நின்றுவிடும். புதிதாய் முளைக்கும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும். மின்விசிறியில் பட்டு அது முறிந்தால் குழாய்போலச் சொட்டும். அதன் முனைக்கும் சோளமாவு வைத்து அமுக்கலாம். நீங்களே பிடுங்கிவிடாதீர்கள்.

ரத்தம் நின்ற சிராய்ப்பை, அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்புக் கரைத்துக் கழுவலாம். ஆழமான காயத்தைக் கழுவாமல் துணியால் மூடிக் கொண்டுவாருங்கள். நம் வெயிலில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பூனைக்கு டெட்டாலும் வேண்டாம், பாராசிட்டமாலும் வேண்டாம். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும்.

பூனை கவ்விய பறவைக்குச் சொட்டு ரத்தம் வராவிட்டாலும் அன்றைக்கே மருந்து தேவை; பூனையின் வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்தால் பிழைப்பது அரிது. தெருநாய் கடித்த பிராணியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எச்சில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கையைக் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி ஊசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பத்து நிமிடம் அமுக்கியும் நிற்கவில்லை, ஈறு வெளுத்துவிட்டது, ரத்தம் பீறிடுகிறது என்றால் அமுக்கிய கையை எடுக்காமல் கிளம்புங்கள். எங்கே கிளம்புவது என்பதை இன்றைக்கே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் ஊரில் எது, அங்கே பறவைக்கும் முயலுக்கும் பார்ப்பார்களா என்று விசாரித்து, தொலைபேசி எண்ணைக் கூண்டின் மேலேயே ஒட்டிவையுங்கள்.