புகையைத் தின்னும் டப்பா அடுப்பு

சனிக்கிழமை விடியும் முன்பே பெங்களூரின் வைட்ஃபீல்டிலிருந்து ஹொஸ்கோட்டே, கோலார் பக்கம் கிளம்பும் கார்களில் கூடாரத்தோடு ஒரு குட்டி விறகடுப்பும் போவதுண்டு. பால் சொம்பு அளவுக்கு இரட்டைச் சுவர் எவர்சில்வர் டப்பா, அடியிலும் விளிம்பிலும் ஓட்டைகள். சுள்ளி பொறுக்கிப் போட்டால் காபி தயார் என்பார்கள். புதிதாகப் பற்றவைப்பவருக்குக் காபிக்கு முன்னால் கிடைப்பது கண் எரிச்சல்தான். ஐந்து நிமிடம் திகுதிகுவென்று எரியும், விறகைத் திணித்ததும் புகைந்து அணையும்.

பாட்டிமார் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். விறகு கூடினால் தீ கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

விறகு சூடேறியதும் முதலில் அதன் ஈரம் ஆவியாகிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் போய்விடும். சூடு 250, 300 டிகிரியைத் தொடும்போது மரம் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களும் தார் ஆவியும் கிளம்புகின்றன. காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்கு இப்படியே வெளியேறும். சுடராக எரிவது இந்த வாயுதான், மிஞ்சும் கரி தணலாகக் கனலும். ஆக, கண்ணைக் கரிக்கும் புகை எரியாமல் வீணாகும் எரிபொருள். அது எரியப் போதிய சூடும் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். சின்ன அடுப்பில் சேமிப்புச் சூடு கொஞ்சம்தான். ஈரக் கட்டை ஒன்றே அதைக் குடித்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இடம் அதே ஊரின் மறுகோடியில் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974இல் தொடங்கிய 'அஸ்த்ரா' குழு, கிராமத்து அடுப்பை ஆய்வகப் பொருளாக எடுத்துக்கொண்டது. அங்கே பிறந்த 'அஸ்த்ரா ஒலெ' மூன்று பாத்திரம் வைக்கும் புகைபோக்கி அடுப்பு. விறகைக் கம்பித் தட்டின் மேல் வைத்து, கீழிருந்து காற்று போக வழிசெய்தார்கள். (ஒலெ என்ற கன்னடச் சொல் நம் உலையின் உறவுதான்.)

பிறகு அதே கழகத்தில் எச்.எஸ். முகுந்தா குழு புகையையே குறிவைத்தது. அடுப்பை நிரப்பி உச்சியில் பற்றவைப்பது அவர்கள் வழி. தீ மெல்ல கீழிறங்கும், கீழிருந்து வரும் வாயு மேலே சூடான காற்றோடு கலந்து எரிந்துவிடும். பேட்டரி விசிறியோடு இது 2006இல் 'ஊர்ஜா' என்ற பெயரில் சந்தைக்கு வந்து லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் பண்ணைக் கழிவை அழுத்திச் செய்த குளிகையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. குளிகை விலை ஏறியதும் அடுப்பு மூலைக்குப் போனது. அறிவியல் சரியாக இருந்தும் சமையலறைக் கணக்கு உதைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முகாம் டப்பாவில் விசிறி இல்லை. இரட்டைச் சுவருக்கிடையே ஏறும் காற்று சூடாகி, விளிம்பு ஓட்டை வழியாகப் புகையை எரிக்கிறது. ஆகவே விறகு அந்த ஓட்டைகளுக்குக் கீழேயே நிற்கட்டும். விரல் தடிமன் குச்சிகளை அடுக்கி, மேலே சிராய் வைத்துப் பற்றவையுங்கள். தணலாகும் முன்பே இரண்டிரண்டு குச்சியாகச் சேர்க்கலாம். பாத்திரம் சுடரை நசுக்கக் கூடாது, நசுக்கினால் அடியில் கரி அப்பும். ஒடித்தால் மளுக்கென்று முறிகிற குச்சிதான் காய்ந்தது. மழைக்காலத்தில் தரையில் கிடப்பதை விட்டுவிட்டு, கிளையில் தொங்கும் பட்ட சுள்ளியை எடுங்கள். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு. சென்னையில் சமாளித்த திணிப்பு இங்கே சரிப்படாமல் போகலாம்.

புகை நின்று தணல் மட்டும் மிஞ்சியதும் இதமாக இருக்கிறதே என்று அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்துவிடாதீர்கள். அப்போது அது கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.