கணைய அறுவைக்குப் பிறகு: கசிவை முந்திக்கொள்ளும் கவனிப்பு

தையல் ஏன் கசிகிறது?

கணைய அறுவைக்குப் பின் கசிவு ஏற்பட்டால், டாக்டர் சரியாகத் தைக்கவில்லை என்றே குடும்பத்தார் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையல்ல. கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வந்தவர்களுக்குச் செய்யும் விப்பிள் அறுவையில் அந்தத் தலைப்பகுதியோடு முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி எல்லாம் சேர்த்து எடுக்கப்படுகின்றன. மிஞ்சிய கணையத்தைச் சிறுகுடலோடு இணைத்துத் தைக்கிறார்கள். கணையநீர் சுரப்பதே புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கத்தான். தையலிடுக்கில் அது கசிந்தால் அக்கம்பக்கத்துத் திசுவை, சில சமயம் ரத்தக்குழாயின் சுவரையே அரித்துவிடும். கணையம் வெண்ணெய்போல் மெத்தென்றும் அதன் நாளம் மிகக் குறுகலாகவும் இருப்பவர்களுக்கு, தேர்ந்த கைகள் தைத்தாலும் கசியலாம். அதனால்தான், கசிவே வராமல் பார்ப்பதோடு நிற்காமல், வந்ததை உடனே கண்டுபிடிப்பதற்கும் அதே அளவு முயற்சி தேவை என்கிறேன்.

நெதர்லாந்தில் நடந்த ஆய்வு

அப்போது கணைய அறுவை செய்துவந்த நெதர்லாந்து மருத்துவமனைகள் 17-ம் சேர்ந்து, கசிவை உடனே கண்டுபிடிக்கும் இந்த முயற்சியை 1,748 நோயாளிகளிடம் சோதித்தன. மாற்றியது தைக்கும் முறையை அல்ல, அறுவைக்குப் பிந்தைய கவனிப்பை. நோயாளியின் நிலையையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் வயிற்றில் வைத்த வடிகுழாயில் வரும் திரவத்தையும் தினமும் ஒரே விதிப்படி மதிப்பிட்டார்கள். எப்போது சி.டி. ஸ்கேன், எப்போது தோல்வழியே மெல்லிய குழாய் செருகித் தேங்கிய நீரை வடிப்பது, எப்போது ஆன்டிபயாடிக் என்பதை அந்த விதி சொன்னது. 2022-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: கடும் ரத்தக்கசிவு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானோர் 14 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தார்கள். 90 நாள் மரணம் 5-லிருந்து 3 சதவீதமானது.

அனுபவமுள்ள மருத்துவமனைதானே முக்கியம் என்று கேட்கலாம். முக்கியம்தான். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மிகக் குறைவாகக் கணைய அறுவை செய்த மருத்துவமனைகளில் மரணம் சுமார் 16 சதவீதம். மிக அதிகமாகச் செய்த இடங்களில் 4 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் ஏற்கெனவே பழகிய நெதர்லாந்து மருத்துவமனைகளிலேயே கவனிப்பை முறைப்படுத்தியதால் மேலும் உயிர்கள் பிழைத்தன. ஸ்கேன் அடிக்கடி எதற்கு என்ற தயக்கமும் நியாயமானதே. ஆயினும் தாமதித்து வயிற்றை மறுபடி திறக்க நேர்வதன் விலை அதைவிட மிகப் பெரிது.

பையையும் தட்டையும் பார்த்தபடி

வடிகுழாயோடும் அதன் திரவம் சேரும் பையோடும் வீடு திரும்புவோர் உண்டு. தெளிவாக வந்துகொண்டிருந்த திரவம் கலங்கிச் சாம்பல் நிறமானாலோ, நாற்றமடித்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பையில் சிறிதளவு புது ரத்தம் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அது பெரும் ரத்தப்போக்குக்கு முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் காமாலை, அடங்காத வாந்தி ஆகியவற்றுக்கும் இதே அவசரம் பொருந்தும்.

எடை குறைவதைப் பலர் அறுவைக்குப் பின் இயல்பு என்று விட்டுவிடுகிறார்கள். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதந்தால், உண்ணும் கொழுப்பு செரிக்கவில்லை என்று பொருள். நெய்யையும் எண்ணெயையும் ஒதுக்கிப் பட்டினி கிடப்பது இதற்கு மருந்தாகாது. என்சைம் மாத்திரை தேவைப்படும். அதையும் சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்து விழுங்கினால் பயன் குறையும். முதல் கவளத்தோடு தொடங்க வேண்டும்.