அதிக ஓட்டு வாங்கியவர் எப்படித் தோற்கிறார்?

2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்டு டிரம்புக்கு மிக அதிகமாக ஓட்டு விழுந்த மாகாணம் எது என்று கேட்டால், பலரும் டெக்சாஸ் என்பார்கள். உண்மையில் அது கலிபோர்னியா. டெக்சாஸில் 59 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கலிபோர்னியாவில் 60 லட்சம். ஆனால் அந்த 60 லட்சம் ஓட்டால் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். அங்கே ஜோ பைடன் ஒரு கோடியைத் தாண்டிவிட்டதால், மாகாணத்தின் கணக்கில் இருந்த 55 எலக்டோரல் வாக்குகளும் மொத்தமாக அவருக்குப் போய்விட்டன.

அமெரிக்க வாக்காளர் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. சீட்டில் வேட்பாளர் பெயர்தான் இருக்கும். ஓட்டு போய்ச் சேருவதோ, அவர் கட்சி அந்த மாகாணத்தில் நிறுத்தியிருக்கும் தேர்வாளர்களுக்கு. இந்தத் தேர்வாளர்கள் டிசம்பரில் அவரவர் மாகாணத்தில் கூடிப் போடுவதுதான் எலக்டோரல் வாக்கு. ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தில் அது எண்ணப்படுகிறது. மொத்தம் 538 பேர். வெல்ல 270 வேண்டும்.

538 எப்படி வந்தது? பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள், செனட்டில் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3. ஒரு மாகாணத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ, அதோடு செனட்டின் இரண்டு இடங்களைக் கூட்டினால் அதன் எலக்டோரல் வாக்கு வந்துவிடும். பிரதிநிதிகள் எண்ணிக்கை மக்கள்தொகையைப் பொறுத்தது. செனட் எண்ணிக்கை எல்லாருக்கும் ஒன்றே. அதனால் ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு 3. நாலு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கு, 2020 கணக்கெடுப்புக்குப் பின், 54. வகுத்துப் பார்த்தால் வயோமிங்கில் இரண்டு லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு ஒரு தேர்வாளர், கலிபோர்னியாவில் ஏழு லட்சத்துக்கும் மேல்.

அதிக ஓட்டு வாங்கியவர் தோற்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வே காரணம் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. பாதி உண்மை. ஒரு சின்னக் கழித்தல் போட்டுப் பார்க்கலாம். 2016இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் டிரம்பைவிட சுமார் 28.7 லட்சம் ஓட்டு அதிகம் பெற்றார். ஆனால் மாகாண முடிவுகளின்படி டிரம்புக்கு 306, ஹிலாரிக்கு 232. (தேர்வாளர்களில் ஏழு பேர் சொன்ன சொல் மாறியதில் இறுதிக் கணக்கு 304, 227 ஆனது தனிக் கதை.) இப்போது செனட்டுக்காகக் கிடைத்த இரண்டிரண்டு வாக்கை எல்லா மாகாணங்களிலிருந்தும், தலைநகரிலிருந்தும் கழித்துவிடுவோம். டிரம்ப் வென்றது 30 மாகாணங்கள். 306இல் 60 போனால் 246. ஹிலாரிக்கு 20 மாகாணங்களும் தலைநகரும்; 232இல் 42 போனால் 190. அப்போதும் டிரம்ப்தான் அதிபர்.

2000 வேறு மாதிரி. ஜார்ஜ் புஷ்ஷுக்கு 271, அல் கோருக்கு உரியது 267. அதே கழித்தலைச் செய்தால் புஷ் 211, கோர் 225. சிறிய மாகாணங்களுக்குக் கிடைத்த கூடுதல் எடை அங்கே நிஜமாகவே முடிவை மாற்றியது. ஆனாலும் அந்தத் தேர்தலை உலகம் நினைவில் வைத்திருப்பது புளோரிடாவால்தான். ஏறக்குறைய 60 லட்சம் ஓட்டில் வித்தியாசம் 537. தமிழ்நாட்டில் 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியின் வெற்றி 49 ஓட்டில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கே கைமாறியது ஒரே ஓர் இடம். புளோரிடாவில் அந்த 537 ஓட்டோடு 25 எலக்டோரல் வாக்குகளும் ஒரே பக்கம் போயின.

ஆகவே பெரிய திருகல், ஒரு ஓட்டு முந்தினாலும் மாகாணம் முழுவதும் முந்தியவருக்கே என்ற விதியில் இருக்கிறது. ஹிலாரி கலிபோர்னியாவில் மட்டும் 42 லட்சத்துக்கு மேல் முன்னிலை பெற்றார். அதில் ஒரு ஓட்டுக்கு மேல் எல்லாம் உபரி. டிரம்ப் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றையும் சேர்த்து ஏறத்தாழ 78,000 ஓட்டு வித்தியாசத்தில் பிடித்தார். 46 எலக்டோரல் வாக்குகள். 2020இல் பைடன் நாடளவில் 70 லட்சம் முன்னிலை. ஆனால் ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து அவருடைய முன்னிலை 43,000 அளவுதான். அவை போயிருந்தால் 269க்கு 269. சமன் வந்தால் பிரதிநிதிகள் சபை முடிவெடுக்கும்; அதிலும் கலிபோர்னியாவுக்கு ஒரு வாக்கு, வயோமிங்குக்கும் ஒரு வாக்கு.

பலருக்குத் தெரியாத விஷயம், இந்த 'முழுதும் எனக்கே' விதி அமெரிக்க அரசமைப்பில் இல்லை என்பது. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை மாகாணச் சட்டமன்றமே முடிவு செய்யலாம் என்று மட்டும் அது சொல்கிறது. தென் கரோலினாவில் 1860 வரை சட்டமன்ற உறுப்பினர்களே தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் ஓட்டே கிடையாது. வர்ஜீனியா 1800இல் 'முழுதும் எனக்கே' முறைக்கு மாறியது, அதிபர் தேர்தலில் நின்ற தன் மண்ணின் மகன் ஜெஃபர்சனுக்கு ஒரு வாக்குகூடச் சிந்தாமல் சேர்க்கத்தான். ஒரு மாகாணம் இப்படிச் செய்துவிட்டால் மற்றவை பங்கு பிரித்துக் கொடுத்துக்கொண்டு இருக்குமா? 1830களுக்குள் அநேகமாக எல்லாரும் மாறிவிட்டார்கள்.

இன்று மெய்ன், நெப்ராஸ்கா இரண்டு மட்டும் விலக்கு. அங்கே ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதிக்கும் ஒரு வாக்கு, மாகாணம் முழுவதும் முந்துபவருக்கு இரண்டு. அதனால்தான் டிரம்ப் வென்ற நெப்ராஸ்காவில் ஒமாஹா நகரத் தொகுதியின் ஒரு வாக்கு 2024இல் கமலா ஹாரிஸுக்கும், ஹாரிஸ் வென்ற மெய்னில் ஒரு வாக்கு டிரம்புக்கும் போனது. 

மற்ற மாகாணங்களும் நாளைக்கே ஒரு சாதாரணச் சட்டத்தால் இப்படி மாறலாம். அரசமைப்பைத் தொட வேண்டியதில்லை. ஆனால் கலிபோர்னியா பிரித்துக் கொடுத்தால் நஷ்டம் ஜனநாயகக் கட்சிக்கு, டெக்சாஸ் பிரித்தால் குடியரசுக் கட்சிக்கு. முதலில் இறங்குபவருக்கே அடி என்பதால் இரண்டு கட்சியும் அசையப் போவதில்லை.