மூன்று நாள் வாய்ப்பூட்டு!

பணம் கொடு, படம் பார், வாய் திறவாமல் வீட்டுக்குப் போ! தமிழ்நாட்டு ரசிகனுக்குச் சிலர் எழுதித் தர விரும்பும் புதிய சட்டம் இது. மூன்றே மூன்று நாட்களுக்குத்தானாம். வெள்ளிக்கிழமை படம் வெளிவரும். ஞாயிறு இரவு வரையில் வாய்க்குப் பூட்டு. திங்கட்கிழமை காலையில் சாவி கைக்கு வந்துவிடுமாம்! திங்கட்கிழமை கொட்டகையில் அந்தப் படம் இருக்குமா என்று கேட்கிறீர்களா? பொறுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம்.

நாம் கற்பனையாக எதையும் கூறவில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் ‘கங்குவா’ வெளிவந்தது. அடுத்த வாரமே தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் அறிக்கை விடுத்தது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய பெரும் படங்களைச் சுட்டிக்காட்டி, விமர்சனங்களால் விளைந்த கேடு இது என்று வருந்தியது. திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடாதீர். முதற்காட்சி பார்த்து வருவோரிடம் ஒலிவாங்கியை நீட்ட இடம் தராதீர் என்று உரிமையாளர்களை வேண்டிக்கொண்டது. அத்தோடு நின்றதா? இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் படியேறியது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனமே வரலாகாது என ஆணையிடுமாறு கேட்டது.

டிசம்பர் முதல் வாரத்தில், நீதிபதி சவுந்தர் முன் வழக்கு வந்தது. விமர்சனம் என்பது கருத்துரிமைக்குள் அடங்கியது. பொத்தாம்பொதுவாகத் தடை விதிக்க முடியாது. அவதூறு என்றால் காவல்துறையிடம் புகார் கொடுக்கலாமே என்று நீதிமன்றம் எடுத்துக் கூறியது. ஒன்றிய, மாநில அரசுகளும் யூடியூப் நிறுவனமும் பதில் தரவேண்டும் என்றும் பணித்தது.

பூட்டு விழவில்லை, மகிழ்ச்சி! ஆனால் பூட்டுச் செய்யும் பட்டறை மூடப்படவில்லையே! பெரிய படமொன்று சரியும்போதெல்லாம் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்கிறது. ஆகவேதான் இதுபற்றி எண்ணிப் பார்க்கும்படி நாட்டாரை வேண்டுகிறோம்.

யாருடைய வாய்க்குப் பூட்டு? யார் இந்த ரசிகன்? திருவண்ணாமலைக்கு வாருங்கள், காட்டுகிறோம்.

முழுநிலா இரவுகளில் மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறது ஒரு மாபெரும் கூட்டம். நடக்கட்டும், அது அவரவர் நம்பிக்கை. நாம் காட்ட விரும்புவது வேறொரு கூட்டம். எந்தக் கிழமையானாலும், எந்த நிலவானாலும், இரவு ஆட்டம் விட்டதும் தேநீர்க் கடைப் பலகையைச் சூழ்ந்துகொள்கிறதே, அந்தக் கூட்டம்! தண்டராம்பட்டுப் பக்கம் மல்லாட்டை பயிரிடும் உழவர் அதிலே உண்டு. ஆரணியிலிருந்து வந்த நெசவாளி உண்டு. செங்கம் போகும் வண்டிக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவர் உண்டு. ஆட்டோ ஓட்டும் தோழர் உண்டு. சற்றுத் தள்ளி, தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டபடி நிற்கும் தாய்மாரும் உண்டு.

“மொத பாதி பறக்குதுண்ணே, ரெண்டாம் பாதி படுத்துக்குது” என்பார் ஒருவர்.

“ஆளு நடந்து வர்றதிலேயே அரைமணி நேரம் போயிடுச்சு, கதை எப்பண்ணே நடக்கும்?” என்பார் இன்னொருவர்.

“ஊரையே காப்பாத்துறாரு, சரி. அவருக்குச் சோறு யாரு போடறாங்க? என்ன வேலை செய்யறாரு? கடைசி வரைக்கும் சொல்லலியே!” என்பார் உழவர்.

“அந்தப் பொண்ணு எதுக்குப் படத்துல வந்தா, எதுக்குப் போனா?” என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொள்வார் தாய்.

கேட்டீர்களா? திரைக்கலைக் கல்லூரியில் பயின்றவர்களல்லர். அயல்நாட்டு விழாக்களில் அமர்ந்து படம் பார்த்தவர்களல்லர். ஆனால் திரைக்கதையின் தொய்வை ஒருவர் தொட்டுக் காட்டினார். வீண் பகட்டை ஒருவர் இடித்துரைத்தார். வாழ்க்கையோடு ஒட்டாத நாயகனை ஒருவர் நிறுத்திக் கேள்வி கேட்டார். பெண்ணைப் பொம்மையாக்கிய போக்கை ஒரு தாய் ஒரே வரியில் உடைத்தெறிந்தார். இதைவிட என்ன விமர்சனம் வேண்டும்? இந்த நான்கு வாய்களுக்குத்தானே அய்யா, பூட்டுத் தேடுகிறீர்கள்!

இந்த மண்ணுக்கு விமர்சனம் நேற்று வந்த விருந்தாளியல்ல. இதே மாவட்டத்தில், செய்யாறு வட்டத்தில் இருக்கிறது புரிசை. தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். கண்ணப்பத் தம்பிரானின் ஊர். பொழுது சாய்ந்தபின் தொடங்கி விடியும் வரை நடப்பது கூத்து. அந்தக் கூத்திலே கட்டியக்காரன் என்றொருவன் வருவான். கிரீடம் மின்ன, புஜகீர்த்தி ஆட, மன்னன் வேடம் தாங்கியவர் அரங்கில் முழங்கும்போது, பக்கத்திலேயே நின்று மன்னனையே கிண்டல் செய்வான்! அரசன் சினந்து அவனை அரங்கை விட்டுத் துரத்தியதுண்டா? இல்லை. அவனின்றிக் கூத்தே இல்லை. ஆட்டத்தின் நடுவிலேயே, அரங்கின் மேலேயே, விமர்சனத்துக்கு இடம் ஒதுக்கிய மக்களைப் பார்த்து, ஆட்டம் முடிந்தபிறகு, அரங்குக்கு வெளியே, தெருவில் நின்றுகூடப் பேசாதே என்பது முறையா?

ஆரணி நெசவாளியைக் கேளுங்கள். நாட்கணக்கில் தறியில் குனிந்து நெய்த பட்டுச் சேலையைக் கடைக்கு எடுத்துச் செல்கிறார். கடைக்காரர் விரிக்கிறார், வெளிச்சத்தில் பிடிக்கிறார், இழை விலகிய இடத்தில் விரலை வைக்கிறார். “என் சேலையின் குறையை மூன்று நாட்களுக்கு எவரும் சொல்லலாகாது” என்று நெசவாளி வழக்குத் தொடுத்தாரா? மல்லாட்டை மூட்டையோடு சந்தைக்குப் போகிறார் உழவர். வணிகர் நான்கு காயை உடைத்துப் பார்த்து, “பருப்பு சிறுத்திருக்கு” என்கிறார். உடைக்காதே, உள்ளே பார்க்காதே, ஊருக்குச் சொல்லாதே என்று உழவர் தடையாணை வாங்கினாரா? வியர்வை சிந்தியவனுக்கு இல்லாத சலுகை, வெளிச்சத்தில் நிற்பவனுக்கு மட்டும் எதற்கு?

தயாரிப்பாளர் பக்கம் நியாயமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, மறைக்க மாட்டோம். வட்டிக்கு வாங்கிய பணம். பல நூறு தொழிலாளர் உழைப்பு. படம் பார்க்காமலே பழிதூற்றும் பேர்வழிகள் உண்டு. இடைவேளைக்குள்ளேயே தீர்ப்பெழுதி முடிப்போர் உண்டு. படத்தை விட்டுவிட்டு, நடித்தவரின் நிறத்தையும் உடலையும் குடும்பத்தையும் கடித்துக் குதறுவோர் உண்டு. இவையெல்லாம் விமர்சனமல்ல; வசை. வசைக்குச் சட்டம் இருக்கிறது. அவதூறுக்கு வழக்கு இருக்கிறது. நீதிமன்றமும் அந்த வழியைத்தான் காட்டியது. நான்கு பேர் கல்லெறிந்தார்கள் என்பதற்காக நாற்பதாயிரம் பேரின் கையைக் கட்டுவதா?

இன்னொன்றும் கேட்கிறோம். அதே ஒலிவாங்கியில் ஒருவர் “படம் பட்டையைக் கிளப்புது!” என்று கத்தினால், அதை வெட்டி ஒட்டி விளம்பரம் செய்கிறார்களே, அன்று அந்த ஒலிவாங்கி இனித்ததே! புகழ்ந்தால் ரசிகப் பெருமக்கள். குறை சொன்னால் விஷமிகளா? பூமாலையை மட்டும் ஏற்பேன், பூவில் முள்ளிருந்தால் நாரைக் கட்டியவனைச் சிறையிலடை என்பது என்ன நீதி?

இனி, அந்தத் திங்கட்கிழமைக் கேள்விக்கு வருவோம்.

முன்பெல்லாம் படப்பெட்டிகள் குறைவு. சென்னையில் ஓடி, வேலூரில் ஓடி, பிறகுதான் சிற்றூர்க் கொட்டகைக்குப் பெட்டி வரும். பெட்டிக்கு முன்பே பேச்சு வந்து சேரும். நூறு நாள் ஓட்டம் வெற்றியின் அளவுகோலாக இருந்தது. இன்று? ஒரே காலையில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் விரிகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு! அந்த மூன்று நாள் வசூலிலேயே பெரும்பாலான படங்களின் தலையெழுத்து முடிவாகிறது. அப்படியானால், மூன்று நாள் பேசாதே என்பதன் பொருள் என்ன? விற்று முடியும் வரை பேசாதே என்பதுதான்! சரக்கு தீரும் வரை தராசைத் தொடாதே என்பதுதான்!

இந்தப் பூட்டால் நட்டம் ரசிகனுக்கு மட்டுமா? பெரிய படத்துக்குச் சுவரெல்லாம் விளம்பரம். சின்னப் படத்துக்கு ரசிகனின் வாய்தான் விளம்பரம். வரலாற்றைப் புரட்டுங்கள்.

1978 ஆகஸ்டு 15ஆம் நாள் ‘முள்ளும் மலரும்’ வந்தது. மகேந்திரன் இயக்கிய முதற்படம். தொடக்க வாரங்களில் கொட்டகையில் காலி நாற்காலிகள். பார்த்தவர் பேசினர், பேச்சைக் கேட்டவர் வந்தனர், வெற்றி பிறந்தது. 1980இல் ‘ஒரு தலை ராகம்’. பெயர்பெற்ற நட்சத்திரம் எவருமில்லை. மாணவரின் வாய்மொழி அதனைத் தூக்கி நிறுத்தியது. 1999இல் பாலாவின் ‘சேது’. வாங்குவாரின்றி நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த படம். டிசம்பரில் வெளிவந்தது; பார்த்தவர்கள் பார்க்காதவர்களை இழுத்து வந்தார்கள். விக்ரம் என்ற நடிகருக்கு அது மறுவாழ்வு தந்தது.

பழங்கதை என்பீர்களா? 2025 மே முதல் நாள், பெரும் நட்சத்திரமான சூர்யா நடித்த ‘ரெட்ரோ’ வெளியான அதே நாளில், ஈழத்திலிருந்து வந்த ஓர் எளிய குடும்பத்தின் கதையைச் சொல்லும் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தது. இயக்கியவர் அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞர். அதுவே அவருக்கு முதற்படம். அந்தச் சின்னப் படத்தைப் பெரும் வெற்றியாக்கியது யார்? வாய்! ரசிகனின் வாய்! அந்த மூன்று நாட்களும் அவன் ஊமையாக இருந்திருந்தால், நான்காம் நாள் அந்தப் படத்துக்குத் திரை மிஞ்சியிருக்குமா?

பெரிய படங்களுக்கேகூட ரசிகன் பகைவனல்லன், மருத்துவன். ‘கங்குவா’வில் காதைப் பிளக்கும் இரைச்சல் என்றனர் பார்த்தவர்கள். ஒலியளவைக் குறைக்கும்படி திரையரங்குகளுக்குத் தயாரிப்பாளரே சொல்லியனுப்பினார். ‘இந்தியன் 2’ நீளம் என்றனர். வெளியான சில நாட்களில் 12 நிமிடங்கள் வெட்டப்பட்டன. 2024 செப்டம்பரில் வந்த ‘மெய்யழகன்’ மனத்தைத் தொடுகிறது, ஆனால் நீள்கிறது என்றனர். சுமார் 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. மருந்தைக் குடித்துவிட்டு மருத்துவன் மீது வழக்கா? மூன்று நாள் வாயைக் கட்டியிருந்தால், அந்த இரைச்சலோடும் அந்த நீளத்தோடும்தானே மூன்று நாள் கூட்டமும் அல்லல்பட்டிருக்கும்!

தடை என்ற சொல்லின் சுவை தமிழ்த் திரையுலகம் அறியாததுமல்ல. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’ வந்தபோது, தடை செய் என்ற கூக்குரல் எழுந்தது. ஏடுகள் ஏசின, மேலிடங்கள் முகம் சுளித்தன. என்ன நடந்தது? வசனத்தை மனப்பாடம் செய்து தெருத்தெருவாய் முழங்கினான் ரசிகன். அந்த வாய்தான் படத்துக்குக் காவல். அன்று காவல் நின்ற வாயையா இன்று பூட்டுவது?

பூட்டை எதிர்க்கும் நாம், ரசிகத் தோழர்களுக்கும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தோழா, உன் வாய் உன்னுடையதாக இருக்கட்டும்! நாயகனின் வெட்டுருவுக்குப் பாலூற்றிவிட்டு, அந்தப் பால் காயுமுன்னே எதிர்நாயகனின் படத்தைப் பார்க்காமலே திட்டுகிறாயே, அது விமர்சனமா? மலையைச் சுற்றுகிறவன் மலையைக் கேள்வி கேட்பதில்லை, அது பக்தி. திரையரங்கு கோயிலல்ல, நடிகர் கடவுளல்ல, நுழைவுச்சீட்டு அர்ச்சனைச் சீட்டல்ல. ஆகவே கேள்வி கேள். முதலில் உன் அபிமான நடிகரின் படத்தைக் கேள். பிடித்தது எது, ஏன் பிடித்தது? பிடிக்காதது எது, ஏன் பிடிக்கவில்லை? ‘ஏன்’ என்ற அந்த ஒரு சொல் இருந்தால் அது விமர்சனம்; இல்லையேல் வெறும் கூச்சல். முழுப் படத்தையும் பார்த்துவிட்டுப் பேசு. காசு வாங்கிக்கொண்டு பேசாதே. புகழ்ச்சிக்கும் வாங்காதே, இகழ்ச்சிக்கும் வாங்காதே.

உன் தீர்ப்பு தவறவும் கூடும். 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ படத்துக்கு அன்று கூட்டம் சேரவில்லை. பிறகு அதே மக்கள் திரும்பத் திரும்பப் பார்த்துத் தலையில் வைத்துக் கொண்டாடினர். அந்தத் திருத்தத்தைச் செய்தது எந்தத் தடையாணை? எதுவுமில்லை. பேச்சுத்தான்! தவறிய தீர்ப்பைத் திருத்தக்கூடியது மேலும் பேச்சு, மௌனமல்ல.

படமெடுப்போரே! கோடிகளை நீங்கள் போடுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோடி எங்கிருந்து திரும்புகிறது? தண்டராம்பட்டு உழவரின் மடியிலிருந்து, ஆரணி நெசவாளியின் கூலியிலிருந்து, பிள்ளையைச் சுமந்து வந்த தாயின் முந்தானை முடிச்சிலிருந்து! முடிச்சை அவிழ்த்தவருக்கு வாயைத் திறக்கவும் உரிமை உண்டு. பூட்டுக்குச் செலவழிக்கும் பணத்தைக் கதைக்குச் செலவழியுங்கள். வழக்கறிஞரைத் தேடும் நேரத்தில் நல்ல எழுத்தாளரைத் தேடுங்கள். நல்ல படத்தைத் தாருங்கள். நாடே உங்களுக்கு ஒலிவாங்கியாகும்!