கணிப்பொறியும் வீட்டு மின்கம்பியும்

1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். பி.சி. என்னும் கணிப்பொறி வெளிவந்தபோது அதனுள் இருந்த மின்வழங்கியின் திறன் 63.5 வாட் மட்டுமே. அக்காலத்துக் குண்டு பல்பு ஒன்று எரியத் தேவைப்பட்ட மின்சாரம் அவ்வளவுதான். இன்றோ படங்களைத் தொகுப்பதற்கும், கடினமான கணக்குகளைச் செய்வதற்கும், விளையாடுவதற்கும் உரிய கணிப்பொறிகளுக்கென 1000 வாட், 1600 வாட் மின்வழங்கிகள் விற்பனைக்கு வந்துள்ளன. 2025-இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5090 என்ற வரைகலை அட்டை ஒன்றே 575 வாட் வரை எடுத்துக்கொள்ளும். இத்தகைய கணிப்பொறியை நம் வீட்டுச் சுவரில் உள்ள எந்தத் துளையிலும் சொருகலாமா? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மின்வழங்கி என்பது யாது என அறிவோம். கடைகளில் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்பர். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கணிப்பொறியின் உறுப்புகளுக்கு வேண்டுவதோ 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்திசை மின்சாரம். முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவதே மின்வழங்கியின் பணி.

அதன்மேல் 1000 வாட் என்று எழுதியிருந்தால், எந்நேரமும் 1000 வாட் மின்சாரம் செலவாகும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. இருபது லிட்டர் குடம் வாங்கிவிட்டதால் நாம் நாள்தோறும் இருபது லிட்டர் தண்ணீர் குடிப்பதில்லை அன்றோ! அந்த எண் அதனால் தரக்கூடிய உச்ச அளவைக் குறிப்பது. கடிதம் தட்டச்சு செய்யும்போது கணிப்பொறி கேட்பது 100 வாட் என்றால், மின்வழங்கி தருவதும் அவ்வளவே.

ஆனால் இன்னொன்றையும் கருத வேண்டும். மாற்றும் பணியில் ஒரு பங்கு மின்சாரம் வெப்பமாகி வீணாகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பயன் தரும் மின்வழங்கி, உள்ளே 900 வாட் கொடுக்கச் சுவரிலிருந்து 1000 வாட் இழுக்கும். 1600 வாட் கொடுக்க ஏறத்தாழ 1780 வாட் இழுக்கும்.

இனிச் சுவரின் பக்கம் வருவோம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும் என்பதை இயற்பியல் வகுப்பில் படித்திருக்கிறோம். நம் வீடுகளில் இருவகைத் துளைகள் உள்ளன. சிறியது 6 ஆம்பியருக்கு உரியது. அது 230 வோல்ட்டில் 1380 வாட் வரை தாங்கும். பெரியது 16 ஆம்பியருக்கு உரியது. 3680 வாட் வரை தாங்கும். முழு வேலையில் 1780 வாட் இழுக்கும் கணிப்பொறிக்கு 7.7 ஆம்பியர் வேண்டும். சிறிய துளை அதற்குப் போதாது. பெரிய பிளக்கின் முனைகள் பருமனாக இருப்பதே ஓர் எச்சரிக்கைதான். அதைச் சிறிய துளையில் பொருத்தித் தரும் இணைப்பான்களைப் பயன்படுத்துவோர், அந்த எச்சரிக்கையை அழித்துவிடுகின்றனர்.

எளிய கணிப்பொறியாயினும், ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பலவற்றைச் சொருகுவது ஆபத்தே. சுவரிலிருந்து 1000 வாட் இழுக்கும் கணிப்பொறியும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும் 6 ஆம்பியர் பெட்டி ஒன்றில் சேர்ந்து இயங்கினால், அதன் மெல்லிய வயரில் 8.7 ஆம்பியர் பாயும். மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்ப வெப்பம் பெருகும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்டார். ஆகவே இங்கே மின்னோட்டம் ஒன்றரை மடங்கை எட்டுவதற்குள் வெப்பம் இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. பிளக் சூடாகும், பிளாஸ்டிக் கருகும், அருகில் திரைச்சீலையோ காகிதமோ இருந்தால் தீப்பற்றவும் கூடும்.

இதைத் தடுக்கவே முன்பு ஃபியூஸ் இருந்தது, இப்போது எம்.சி.பி. இருக்கிறது. அது கணிப்பொறியைக் காப்பதற்கு என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது காப்பது சுவருக்குள் நாம் காண இயலாத மின்கம்பியை. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் நொடிப்பொழுதில் விழும். அளவு சற்றே மிஞ்சினால் பொறுத்திருந்துதான் விழும். அடிக்கடி விழுகிறதே என்று சலித்து, கம்பியை மாற்றாமல் பெரிய எம்.சி.பி.யை மட்டும் பொருத்துவது, குரைக்கும் காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக உறங்குவதற்கு ஒப்பாகும்.

இந்த எல்லை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட்தான். அங்கே 15 ஆம்பியர் இணைப்பில் 1800 வாட் வரை கிடைக்கும். தொடர்ந்து பல மணி நேரம் எடுப்பதானால் அதில் நூற்றுக்கு எண்பது பங்கு, அதாவது 1440 வாட் என்பதே விதி. எனவே 1600 வாட் மின்வழங்கியை அங்கே முழுத் திறனில் இயக்கினால் அந்த இணைப்பு முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். 2000 வாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள மின்வழங்கிகள் பல, 200 முதல் 240 வோல்ட் வரையுள்ள மின்சாரத்திற்கென்றே செய்யப்படுகின்றன.

ஆகவே, கணிப்பொறி வாங்கும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. கணிப்பொறி முழு வேலையில் எவ்வளவு வாட் எடுக்கும் என்று கேட்டறிய வேண்டும். அதிகம் எடுப்பதாயின் தனிக் கம்பியும் 16 ஆம்பியர் துளையும் அமைக்க உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். நில இணைப்பு சரியாக உள்ளதா எனப் பார்க்கச் சொல்ல வேண்டும். இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்ச் சாதனம் போன்றவற்றைக் கணிப்பொறியின் பெட்டியில் சொருகக் கூடாது.

தோழியரே, நமக்கும் ஒரு வேலை உண்டு. இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எத்தனை பிளக்குகள் உள்ளன என்று பாருங்கள். ஒவ்வொரு சாதனத்திலும் எழுதியுள்ள வாட் அளவைக் கூட்டி, 230-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 6-ஐத் தாண்டினால் அம்மாவிடம் சொல்லி ஒன்றையாவது கழற்றிவிடுங்கள். வகுப்பில் கற்ற ஒரு வகுத்தல் கணக்கு வீட்டில் உள்ளோரைக் காக்குமானால், கல்வியின் பயன் அதைவிட வேறென்ன?