கார்த்திகைக் காற்றும் நமது கவலையும்

கல்லறைத் திருநாள் கழிந்து மழைக்காலம் முற்றும் வேளையில், ஆலங்குடிப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. வங்கக் கடலில் தாழ்வுநிலை என்று செய்தி வந்த அன்றிரவு, வீட்டில் ஒருவரேனும் உறங்குவதில்லை. காற்றின் ஒலிக்குச் செவி கொடுத்தபடி படுத்திருப்பர். காரணம் நாம் அறிந்ததே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், நமது மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரங்களில் தலைமுறைத் தோப்புகள் வெட்டவெளியாயின. மின்கம்பங்கள் முறிந்ததால் பல சிற்றூர்கள் நெடுநாள் இருளில் கிடந்தன.

விழுந்த மரங்களை அறுத்து அகற்றிவிட்டோம். அச்சத்தை அவ்வாறு அகற்ற இயலவில்லை. நாம் சந்திக்கச் சென்ற ஒரு வீட்டில், குடும்பத் தலைவர் மறுபடி கன்று நட மறுத்துவிட்டார். "நட்டு என்ன சாமி? ஏழு வருஷம் வளர்த்து அடுத்த காத்துக்குக் கொடுக்கவா?" என்றார். அவர் கணக்கில் பிழையில்லை. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். இக்கரைக்குப் புயல் மீண்டும் வரும் என்பதும் மெய்யே. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று குருக்களாகிய நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். சொல்லிவிட்டு, காற்றுக்கு அசையாத பங்கு இல்லத்துக்குத் திரும்பிவிடுகிறோம். அன்று நாம் ஒன்றும் சொல்லவில்லை.

படகில் ஆண்டவர் அயர்ந்து உறங்கியபோது அஞ்சி அலறியவர்களுள் கடலறியாதவர்கள் மட்டுமா இருந்தனர்? வலைத்தொழிலிலேயே வளர்ந்தவர்களும் இருந்தனர். ஆகவே அச்சத்தைக் கோழைமை என்று இகழ வேண்டா. ஆயினும், நமது விழிப்பினால் காற்றை நிறுத்திவிடலாம் என்பதுபோல் இரவெல்லாம் விழித்துக் கிடப்பதனால் யாருக்கு என்ன பயன்?

1964 டிசம்பர் 22 இரவு, முன்னே கடல் பொங்கி நிற்பது அறியாமலேயே பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற ரயில், பயணிகளோடு அலைக்கு இரையாயிற்று. கஜாவோ நாட்கணக்கில் முன்னறிவிக்கப்பட்டது. அப்பொழுதும் உயிரிழந்தோர் உண்டு. எனினும் பல்லாயிரவர் முன்னதாகவே முகாம்களுக்குச் சென்றிருந்தனர். புயலின் பாதை நம் கையில் இல்லை. ஆனால் எச்சரிக்கை கேட்டதும் முற்றிய குலைகளையும் பழுத்த மட்டைகளையும் இறக்கித் தென்னையின் தலைப்பாரத்தைக் குறைக்கலாம். பட்டாவையும் குடும்ப அட்டையையும் நனையாமல் பொதிந்து வைக்கலாம். தென்னைக்குக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அதில் காலத்தே சேரலாம். கோட்டைப்பட்டினத்து மீனவராயின் படகை ஏற்றிக் கட்டலாம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் செபமாலையை மட்டும் கையில் எடுப்பது பக்தியாகாது என்பதே நமது எண்ணம்.

அந்த வீட்டில் கன்று நட்டவர் மனைவி. 2019ஆம் ஆண்டு மழைக்கு முன், கணவரைக் கேளாமலே பன்னிரண்டு தென்னங்கன்றுகள். ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம் என்று நடுவே எலுமிச்சையும் வைத்தார். ஆண்டுதோறும் ஐப்பசியில் மட்டை இறக்குவது இப்பொழுது கணவரின் வேலை. சென்ற முறை நாம் போனபோது முதற்பாளை வெடித்திருந்தது.

"காத்து வர்றப்போ வரட்டும் சாமி" என்றார் அவர். இரவில் உறங்குகிறாரா என்று நாம் கேட்கவில்லை.